பத்மினிக்கு டிஸ்க் பிரேக்: பெடல் சொல்லும் கணக்கு

மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளில் கடைசி பிரீமியர் பத்மினி கார் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது விதி. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி என்று ஒன்று மும்பைச் சாலையில் இல்லை. பத்திரிகைகள் பிரியாவிடைக் கட்டுரைகள் எழுதின. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பத்மினிகள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

இந்தக் கேள்வி மும்பைக்கு அருகிலுள்ள உல்லாஸ்நகரில் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை. 1947க்குப் பிறகு சிந்துவிலிருந்து வந்த அகதிகள் குடியேற்றப்பட்ட கல்யாண் ராணுவ முகாம்தான் இந்த ஊர். 1949 ஆகஸ்ட் 8 அன்று இதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் இங்கே முகவரி கேட்டால் 'கேம்ப் மூணு', 'கேம்ப் அஞ்சு' என்றுதான் சொல்வார்கள். எதையும் பிரித்துப் பார்த்துச் செய்துவிடும் கைத்தொழில் ஊர். இந்த ஊர் இருக்கும் மத்திய ரயில் பாதையிலேயே மும்பைப் பக்கம் போனால் குர்லா; வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பத்மினியைச் செய்த இடம். குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய உதிரிபாகக் கடைகள், சென்னையில் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. காலிப்பர், டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர் என்று எந்தக் காரின் பாகமும் கிடைக்கும். வாங்கி வந்து மாட்டிவிடலாம். மாட்டிய பிறகுதான் சிக்கல் ஆரம்பமாகிறது: பழைய டிரம் பிரேக் இருந்தபோது நின்ற வண்டி, டிஸ்க் போட்ட பிறகு சரியாக நிற்பதில்லை.

இதற்குக் காரணம் டிஸ்க்கில் இல்லை என்பதே என் வாதம். பிரேக் என்பது காலில் தொடங்கி டயரில் முடியும் ஒரே கணக்கு. நடுவில் ஒரு எண்ணை மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

முதலில் பிரேக் செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவது, அவ்வளவுதான். பத்மினி ஏறத்தாழ 900 கிலோ. நான்கு பேர் உட்கார்ந்தால் 1,200 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க இது போதும். வேகம் 80 ஆனால் ஆற்றல் 2,96,000 ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. ஒவ்வொரு முறை பிரேக் அடிக்கும்போதும் இத்தனை வெப்பமும் சில விநாடிகளில் நான்கு இரும்பு வட்டங்களுக்குள் இறங்க வேண்டும்.

டிரம் பிரேக்கில் இந்த வெப்பம் மூடிய சட்டிக்குள் சிக்கிக்கொள்கிறது. சூடாகும்போது டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். கல்யாணிலிருந்து முர்பாட் வழியாகப் போய் மால்ஷேஜ் காட் ஏறி, திரும்பி இறங்கும் வண்டிகளில், பாதி மலையில் பெடல் இன்னும் இன்னும் கீழே போவதற்குக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. 2005 ஜூலை 26 வெள்ளத்தையும், 2019 ஜூலையில் உல்லாஸ் ஆறு கரை புரண்டு பத்லாபூர் அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸையே நிறுத்திய நாளையும் பார்த்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தண்ணீரில் இறங்கி ஏறிய டிரம் காயும் வரை பிரேக் பிடிக்காது என்று. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் சூடும் சீக்கிரம் தணியும், தண்ணீரும் உடனே வழிந்துவிடும்.

ஆகவே டிஸ்க் வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். 1953இல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோதே உலகம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஃபியட் நிறுவனமே 1966இல் இத்தாலியில் விட்ட 1100 ஆர் மாடலில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் கொடுத்தது. குர்லாவில் 1964 முதல் செய்யப்பட்டதோ அதற்கு முந்தைய 1100 டி. அதுவே பின்னர் பிரீமியர் பிரெசிடென்ட், 1974 முதல் பத்மினி என்று பெயர் மாறியது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் என்ற அமைப்பு மட்டும் தொடர்ந்தது.

ஆனால் டிரம்முக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சுழலும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். நாம் கொடுக்கும் விசையை அது தானே பெருக்குகிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கேற்ற பிடிதான். அதனால்தான் டிஸ்க் உள்ள கார்களில் பூஸ்டர் இருக்கிறது, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் பெரிய பிஸ்டன் இருக்கிறது.

அந்தப் பெரிய பிஸ்டனில்தான் கணக்கு தொடங்குகிறது. டிரம்மின் வீல் சிலிண்டர் 25 மி.மீ. விட்டம் என்றும், புதிதாக மாட்டிய காலிப்பரின் பிஸ்டன் 48 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல். பிஸ்டன் அரை மி.மீ. நகர வேண்டுமானால் இரண்டு காலிப்பருக்கும் சேர்த்து 1,800 கன மி.மீ. பிரேக் ஆயில் போக வேண்டும். பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டர் 19 மி.மீ. என்றால், அதன் பிஸ்டன் ஏறத்தாழ 6.4 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். பெடல் விசையை ஆறு மடங்காக்கும் அமைப்பு என்றால், கால் நகரும் தூரம் 38 மி.மீ. பின்சக்கர டிரம்முக்கான ஆயில் இன்னும் கணக்கில் வரவில்லை! 'பெடல் அடியில போகுது' என்று புலம்புவது இதைத்தான்.

சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடலாமே என்று தோன்றும். 19 மி.மீ.க்குப் பதில் 22 மி.மீ. போட்டால் பெடல் மேலே வந்துவிடும், உண்மை. ஆனால் பாஸ்கல் விதி விடாது. அதே கால் விசை இப்போது பெரிய பரப்பில் பரவுகிறது. காலால் 20 கிலோ அழுத்தினால், ஆறு மடங்காகி 120 கிலோ. 19 மி.மீ. சிலிண்டரில் அது சதுர செ.மீ.க்கு 42 கிலோ அழுத்தம் தரும், 22 மி.மீ. சிலிண்டரில் 32 கிலோதான். பெடல் உயரமாக இருக்கிறது, ஆனால் கட்டை போல இருக்கிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. கால் நகரும் தூரத்தைக் குறைத்தால் அழுத்தம் குறையும்; அழுத்தத்தைக் கூட்டினால் தூரம் கூடும். இரண்டையும் ஒருசேரப் பெற வெளியிலிருந்து விசை வர வேண்டும். அதுதான் பூஸ்டர். இன்ஜினின் உறிஞ்சு வெற்றிடத்தைக் கொண்டு காலுக்குத் துணை செய்யும் அந்த வட்டப் பெட்டி இல்லாமல் டிஸ்க் மாட்டுவது அரைகுறை வேலை என்பது என் கருத்து.

இனி, மாட்டிய பிறகு வரும் கோளாறுகள். பாகங்களைக் கழற்றுவதற்கு முன் பெடலைக் கேட்க வேண்டும். நின்ற வண்டியில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கீழே போகிறதா? விட்டு உடனே இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணுங்கள். மேலே வந்து உறுதியாக நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். பின்சக்கர ஷூவைச் செட் பண்ண வேண்டும். டிஸ்க் போட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் மறப்பது பின்பக்கத்தைத்தான். பம்ப் பண்ணி மேலே வந்த பிறகும் ஸ்பாஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. உறுதியாக நின்ற பெடல், கால் அழுத்தம் மாறாமலே மெல்ல மெல்ல இறங்கினால் ஏதோ ஒழுகுகிறது. வெளியே ஈரம் எங்கும் தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னோக்கிப் போகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு 'ஏர் எடு, ஏர் எடு' என்று நாள் முழுவதும் போராடும் பட்டறைகள் நிறைய.

ஏர் எடுப்பதற்கே இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலில், ஒருவர் கீழே சக்கரத்தருகே. உல்லாஸ்நகர்ப் பட்டறைகளில் இது இந்தியில்தான் நடக்கும், ஆள் தமிழராக இருந்தாலும். கீழே இருப்பவர் 'மாரோ, மாரோ' என்பார். பெடலில் இருப்பவர் அழுத்தி அழுத்தி விடுவார். 'பகட்கே ரக்கோ' என்றதும் காலை எடுக்காமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் குழாய் வழியே ஆயிலோடு குமிழிகள் வரும். நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகில் இருப்பதில் முடிப்பது வழக்கம். எத்தனை முறை எடுத்தாலும் ஸ்பாஞ்சு போகவில்லையா? காலிப்பரைக் குனிந்து பாருங்கள். நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? வேறு காரின் காலிப்பரை இந்த வண்டிக்குப் பொருத்தும்போது பிராக்கெட் வசதிக்காக வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிவிடுவது உண்டு. நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கும். கீழ் வழியாக எவ்வளவு ஆயில் எடுத்தாலும் அந்தக் குமிழி நகராது. பக்கம் மாற்றி மாட்ட முடியவில்லை என்றால் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகி, நிப்பிளை மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு ஏர் எடுக்கலாம்.

அடுத்த பெரிய கோளாறு, பிரேக் விடாமல் பிடித்துக்கொள்வது. கொஞ்ச தூரம் ஓட்டினால் முன்சக்கரம் சுடுகிறது, வண்டி இழுக்கிறது, பேட் கருகும் வாடை வருகிறது. இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. வரிசையாகப் போனால் குற்றவாளி தானே அகப்படும். சூடாகிப் பிடித்திருக்கும்போதே ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை. இப்போது அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால், குழாயில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் கோளாறு இயந்திரக் கோளாறு: துருப்பிடித்து உறைந்த பிஸ்டன், நகராத ஸ்லைடு-பின், கோணலாக அமர்ந்த காலிப்பர். அழுத்தம்தான் சிக்கியது என்றால், மறுபடி ஓட்டிச் சூடாக்கி, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் தவறு மாஸ்டர் சிலிண்டரில். விடுபடவில்லை என்றால் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ஊதிப்போய் வழி அடைத்திருக்கும். காலின் அழுத்தம் ஆயிலைத் தள்ளிவிடும், திரும்பி வர மட்டும் விடாது. ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

மாஸ்டர் சிலிண்டரில் என்ன தவறு இருக்க முடியும்? இரண்டு. ஒன்று, தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சற்று இடம் விட வேண்டும், ஒரு மி.மீ. அளவு போதும். அது இல்லாவிட்டால், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பிரேக் தானே பிடிக்கும். பூஸ்டர் புதிதாகச் சேர்க்கும்போது கோலின் நீளம் மாறுவதால் இது அடிக்கடி நேர்கிறது. இரண்டாவதை அறிந்தவர் குறைவு. டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில், குழாய்க்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்மில் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்வதால் இந்த மீதி அழுத்தம் தொல்லை தராது. வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுருங்காமல் காக்கும். காலிப்பரில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. 10 பவுண்டு மீதி இருந்தால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கு அந்த வால்வு வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரை விடத் தாழ்வாக அமைந்த வண்டிகளில் மட்டும், ஆயில் திரும்பி வடியாமலிருக்க 2 பவுண்டு வால்வு போடுவார்கள்.

பெடல் கட்டையாக இருந்தால் பூஸ்டரைச் சோதிப்பது எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது பெடலை நாலைந்து முறை அழுத்தி உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் வெற்றிடக் குழாய், அதன் ஒருவழி வால்வு, கடைசியாகப் பூஸ்டர் என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாகி வண்டி நன்றாக நிற்கத் தொடங்கும்போதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான கோளாறு தலைகாட்டும்: பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்வது. பத்மினியின் முன் பின் அச்சுகளுக்கிடையே 2.34 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. என்று கொண்டால், பலமாகப் பிரேக் அடிக்கும்போது 1,200 கிலோ வண்டியில் சுமார் 200 கிலோ பின்னிருந்து முன்னுக்கு மாறிவிடும். சரிபாதியாக 600, 600 என்று இருந்தது 800, 400 ஆகிறது. பின் டயருக்குத் தரைப்பிடி பாதிதான். முன்பக்க டிஸ்க் தானே பெருக்கிக்கொள்ளாது என்பதால் நாம் கூடுதல் அழுத்தம் தருகிறோம், பூஸ்டரும் தருகிறது. அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போகிறது, அதுவோ பெருக்கிக்கொள்ளும் குணமுள்ளது. ஈரச் சாலையில் பின்சக்கரம் பூட்டினால் வண்டி பம்பரமாகிவிடும். பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போட வேண்டும், அல்லது பின்னால் சிறிய வீல் சிலிண்டர். மனித நடமாட்டம் இல்லாத இடத்தில், 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல, இதைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலையில் விடக் கூடாது.

பிரேக் ஆயில் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் வாழும் நமக்கு இது தனிப் பாடம். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, 155. மலை இறக்கத்தில் காலிப்பர் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டாட் 3-உம் 4-உம் கலக்கலாம். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அவற்றோடு கலக்கவே கூடாது. தவறிப்போய் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றிவிட்டால் ரப்பர் எல்லாம் ஊதிக்கெடும். கப், சீல், ஹோஸ் அத்தனையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றன. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் வந்த விதிகளும் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. வேலை தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

என் தீர்ப்பு இது. நகருக்குள் மட்டும் ஓடும் பத்மினிக்கு, புது லைனிங், கடைந்து வட்டம் சரிசெய்த டிரம், புது ரப்பர் கப்புகள், புது ஹோஸ்கள், புது ஆயில் ஆகியவையே போதும். அதற்கு மேல் காசு இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டியது டிஸ்க்குக்கு அல்ல, இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் பாதி பிரேக்காவது மிஞ்சும். மால்ஷேஜும் கண்டாலாவும் போகிறவர்கள் டிஸ்க் போடுங்கள்; ஆனால் காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பின் வால்வு நான்கையும் ஒரே காரிலிருந்து ஒரு செட்டாக எடுங்கள். அந்தக் காரைச் செய்தவர்கள் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்த பாகங்களின் சீல்களை மட்டும் புதிதாக, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.